பனையேறி என்னும் பெயர்: கன்னியாகுமரி மாவட்டத் தொழில்சார் பெயர்களும் தொழில்மீதான மனநிலையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் தாம் செய்யும் தொழிலை எவ்வாறு கருதுகிறார் என்பது, அவரை அத்தொழிலின் பெயரால் அழைக்கும்போது வெளிப்படும். கன்னியாகுமரி மாவட்டத்தின் பனையேற்றுத் தொழிலை முதன்மையாகவும், மருத்துவமனைத் துப்புரவு, ரப்பர் பால்வெட்டு ஆகியவற்றை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொண்டு, தொழில்சார் பெயர்களில் மதிப்பும் இழிவும் சேரும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, மலர்வதியின் ‘தூப்புக்காரி’ ஆகிய புதினங்களும், வரிப்பெயர்களும், வட்டார வழக்குச் சொற்களும் இதற்குச் சான்றுகளாகின்றன. தொழிலின் திறனைச் சுட்டும் பெயர் மதிப்பை இழந்ததும், மதிப்பைத் தரும் புதிய பெயர் திறனைச் சொல்லாமல் விட்டதும் இக்கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: பனையேறி, அக்கானி, தொழில்சார் பெயர், இகர விகுதி, புத்தம் வீடு, தூப்புக்காரி, பால்வெட்டு.

முன்னுரை

பனை பற்றித் தமிழில் எழுதப்படும் ஆய்வுரைகள் பெரும்பாலும் இரண்டு வகையின. பனையின் பயன்களைப் பட்டியலிட்டுச் சங்க இலக்கியம் தொட்டுச் சான்று காட்டுவன ஒரு வகை. அழிந்துவரும் தொழில் என இரங்கி முடிவன மற்றொரு வகை. முதல் வகைக்கு நீண்ட மரபு உண்டு. பனையின் 801 பயன்களைத் தொகுத்துரைப்பதாகச் சொல்லப்படும் ‘தால விலாசம்’ அம்மரபின் முகப்பில் நிற்கிறது. போந்தை சேரரின் அடையாளப் பூவாகத் தொல்காப்பியத்தில் இடம்பெறுகிறது. பேரளவைக் குறிக்கத் திருக்குறள் ‘பனைத்துணை’ என்னும் சொல்லை மூன்று இடங்களில் ஆள்கிறது. இவை அனைத்திலும் மரம் இருக்கிறது. அதில் ஏறியவர் இல்லை.

இரங்கல் வகை ஆய்வுகளில் ஏறுபவர் வருகிறார். ஆனால் அவருடைய விருப்பம் வருவதில்லை. தொழில் அழியக் கூடாது என்னும் கவலை, அத்தொழிலைச் செய்யாதவரின் கவலையாகவே பெரிதும் பதிவாகியுள்ளது. தம் மகன் பனை ஏறாமல் படிக்க வேண்டும் என்று எண்ணிய தந்தையரின் மனநிலையை அவ்வாய்வுகள் தொழில் அழிந்ததற்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டு மேலே செல்கின்றன. அந்த மனநிலையே ஆராய்ச்சிக்குரிய பொருள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தொழிலின் நுட்பத்தில் பெருமிதம் கொண்டவரே அத்தொழில் தம்மோடு முடிய வேண்டும் என்று விரும்புவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, அவர் அழைக்கப்பட்ட பெயரிலிருந்து தொடங்கலாம்.

இங்கு ஒரு சொல்விளக்கம் தேவை. ‘தொழிற்பெயர்’ என்பது இலக்கணத்தில் வினையின் பெயரைக் குறிக்கும் கலைச்சொல். ஆகவே செய்யும் தொழிலால் ஒருவருக்கு அமையும் பெயரை இக்கட்டுரை ‘தொழில்சார் பெயர்’ என வழங்குகிறது.

மண்ணும் கருவியும்

1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களே இம்மாவட்டத்தின் பழைய பரப்பு. முதல் இரண்டு வட்டங்கள் நாஞ்சில் நாடு எனப்படும் நெல்வயல் நிலம். மேற்கே செல்லச் செல்ல வயல் குறைந்து ‘விளை’ மிகும். மேட்டு நிலத் தோட்டத்தைக் குறிக்கும் இச்சொல் இம்மாவட்டத்தின் எண்ணற்ற ஊர்ப்பெயர்களில் ஈறாக நிற்கிறது. பனை விளைகளுக்கு உரியது. ‘புத்தம் வீடு’ புதினத்தின் ஊருக்குப் பனைவிளை என்று பெயர் அமைந்ததை இவ்வழக்கோடு சேர்த்து நோக்க வேண்டும்.

நாஞ்சில் என்றால் கலப்பை. நாட்டின் பெயர் இக்கருவியிலிருந்து வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அவ்வாறாயின், இந்நிலத்தில் ஒரு தொழிலின் கருவி நாட்டுக்கே பெயரானது. மற்றொரு தொழிலின் கருவி வரிக்குப் பெயரானது. வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் வழங்கிய கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு (கி.பி. 849) பள்ளியைச் சார்ந்த குடியினருக்கு நீக்கித் தந்த வரிகளுள் ‘ஏணிக்காணம்’ ஒன்று. மரமேறுவோர் பயன்படுத்தும் ஏணியின்மேல் விதிக்கப்பட்ட வரி என்று அறிஞர் இதற்குப் பொருள் கொள்வர். கலப்பையும் ஏணியும் உழைப்புக் கருவிகளே. உழவுக்குத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. மரமேற்றுக்கு நமக்குக் கிடைக்கும் பழைய ஆவணங்களுள் ஒன்று வரி விலக்குப் பட்டியல்.

பனையேறுபவரின் கருவிச் சொற்கள் தனி அகராதிக்குரியன. மரத்தின் அடியில் சாய்த்துவைத்து முதல் உயரத்தை எட்ட உதவுவது முருக்குத்தடி. இரு பாதங்களையும் பிணைத்து மரத்தைப் பற்றச் செய்வது தளை. திளாப்பு என்றும் வழங்கும். பாளையை நெரித்துப் பதப்படுத்துவது கடிப்பு. பாளை சீவும் அரிவாளைத் தாங்கி இடுப்பில் தொங்குவது அரிவாள்பெட்டி. பாளையில் கட்டப்படுவது கலயம். இறக்கிக்கொண்டு வருவதற்குச் சுரைக்குடுக்கை. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. அதுவே பிற பகுதிகளில் பதனீர் எனவும், இம்மாவட்டத்தில் அக்கானி எனவும் வழங்குகிறது. ஆண் பனை அலகுப்பனை, பெண் பனை பருவப்பனை. இரண்டிலும் பாளை பதப்படுத்தும் முறை வேறு. இளம்பனை வடலி.

இச்சொற்களை வரிசைப்படுத்தும்போது ஒன்று புலனாகிறது. தொழிலுக்குள் வழங்கும் சொற்கள் எவற்றிலும் இழிவின் நிழல் இல்லை. அவை துல்லியமானவை, பணி செய்யும் கைக்கு அருகில் இருப்பவை. பாளையைத் தடிப்பாகச் சீவினால் அது விரைவில் தீர்ந்துவிடும். மெல்லியதாகச் சீவினால் சாறு வடியாது. பருவம் தொடங்கிவிட்டால் நாள்தோறும் சீவியாக வேண்டும். விட்டுவிட்டால் பாளை வறண்டுபோகும். ஆகவே பருவ மாதங்களில் ஓய்வு நாள் என்பது இத்தொழிலில் இல்லை. விடியுமுன் ஏறத் தொடங்கி, மீண்டும் மாலையில் ஏற வேண்டும். நெஞ்சிலும் கைகால்களிலும் தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். விழுந்தால் பிழைப்பது அரிது. பிழைத்தாலும் பெரும்பாலும் எழுந்து நடக்க இயலாது. இவ்வளவு கணக்கும் கவனமும் வேண்டும் ஒரு தொழிலைக் கல்லாதவர் தொழில் என்று வகைப்படுத்தியது எழுத்தறிவை மட்டுமே கல்வியாகக் கொண்ட பார்வை.

பெயரின் இலக்கணம்

‘பனையேறி’ என்பது பனை, ஏறு, இ எனப் பிரியும். இகர விகுதி வினைமுதல், செயப்படுபொருள், கருவி ஆகிய பொருள்களில் வரும். சேர்ந்தாரைக்கொல்லி, ஊருணி, மண்வெட்டி என்பன முறையே எடுத்துக்காட்டுகள். விறகுவெட்டி என்றால் ஆள். பாக்குவெட்டி என்றால் கருவி. இரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட சொற்கள். உழைப்பவரையும் உழைப்புக் கருவியையும் விகுதி வேறுபடுத்துவதில்லை. இகர ஈற்றுப் பெயர் பால் காட்டாது; உயர்வுப் பன்மை ஏற்காது. ‘பனையேறிகள்’ என்று கள் விகுதி சேர்க்கலாமேயன்றி ‘பனையேறியார்’ என்று எவரும் சொல்வதில்லை.

இதைக் கொண்டு இழிவு விகுதியிலேயே இருக்கிறது என்று முடிவு செய்வது எளிது. அவ்வாறு செய்வது பிழை. படகோட்டி, தேரோட்டி, வழிகாட்டி ஆகியனவும் இதே அமைப்பின. ‘கதைசொல்லி’ என்னும் சொல் கடந்த சில பத்தாண்டுகளில் பெருமைக்குரிய பட்டமாகவே உயர்ந்துவிட்டது. நீரிலிருந்து கரையேறி நகரும் மீனுக்குப் ‘பனையேறிக் கெண்டை’ என்று பெயரிட்டவர், அம்மீனின் ஆற்றலை வியந்தே அவ்வாறு பெயரிட்டிருக்க வேண்டும். ஆகவே இலக்கணம் குற்றமற்றது. ஒரே அச்சில் வார்த்த இரு சொற்களில் ஒன்று உயர்ந்ததற்கும் மற்றொன்று தாழ்ந்ததற்கும் காரணத்தைச் சொல்லுக்கு வெளியில்தான் தேட வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் கருதத்தக்கது. மனிதருக்குச் சொல்லும்போது ‘ஏறு’ என்னும் வினை பயன்படுகிறது. பொருளுக்குச் சொல்லும்போது ‘இறக்கு’ என்னும் வினை வருகிறது. அக்கானி இறக்குதல், கள் இறக்குதல் என்பதே வழக்கு. அரசின் ஆணைகளும் சட்டமும் இரண்டாம் வினையையே அறியும். 1987 முதல் தமிழகத்தில் கள் இறக்குதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் அக்கானி, இல்லையேல் கள். உழைப்பு இரண்டிலும் ஒன்றே. ஏறுவது திறன்; இறக்குவது, கலயத்தின் உட்புறத்தைப் பொறுத்துக் குற்றம். தம் தொழில் எந்நேரமும் ஐயத்துக்கு உட்பட்டது என்னும் உணர்வு, உயரம் பற்றிய அச்சத்தைப் போலவே இத்தொழிலின் மனநிலையில் கலந்திருக்கிறது.

வரியும் வசையும்

திருவிதாங்கூர் ஆட்சியில் பனையேற்றுச் சமூகத்தார் மீது சுமத்தப்பட்ட ஊழியமும் வரிகளும் வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டவை. அவற்றை இங்கு மீண்டும் விரிக்கத் தேவையில்லை. தோள்சீலைப் போராட்டம் 1822இல் தொடங்கி, 1859 ஜூலை 26 அறிவிப்பு வரை பல கட்டங்களில் நிகழ்ந்தது. ஆடை, பெயர், தொழில் ஆகிய மூன்றும் அப்போராட்டக் காலத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பது மட்டும் இங்கு வேண்டுவது. கால்டுவெல் 1849இல் வெளியிட்ட சிறுநூல் இச்சமூகத்தாரைப் பனையைக் கொண்டே அளந்தது. பிற்காலத்தில் அச்சமூகத்தின் கற்றோர் அந்நூலைக் கடுமையாக எதிர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1921இல் சென்னை மாகாண அரசு ‘நாடார்’ என்னும் பெயரை ஆவணங்களில் ஏற்றது. ராபர்ட் ஹார்டுகிரேவ் தம் நூலில் (1969) இவ்வரலாற்றை ஆராய்ந்திருக்கிறார்.

மதிப்பை மீட்கும் இப்போராட்டங்களில் தொழிலிலிருந்து விலகுவது ஒரு வழியாயிற்று. வணிகம், கல்வி, நிலம் ஆகியவற்றால் உயர்ந்தவர்கள் பனையைத் தம் முன்னோரின் துயராக நினைவில் வைத்தனர். இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஒரு மரத்தோடு கட்டிப்போடப்பட்டவர்கள் முதலில் அவிழ்க்க விரும்புவது அக்கட்டையே.

ஆயினும் வேறொரு வழியும் இம்மண்ணில் இருந்தது. சாமித்தோப்பு அய்யா வைகுண்டரின் (1809–1851) வழிவந்தோர் போற்றும் ‘அகிலத்திரட்டு அம்மானை’ 1841இல் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. அரசு எவற்றுக்கெல்லாம் வரி தண்டியது என அந்நூல் அடுக்கிச் சொல்லும் பகுதியில் பனையும் பனையேற்றுக் கருவிகளும் இடம்பெறுகின்றன. அவ்விடத்தில் பனை ஏறுவோரை அந்நூல் ‘சான்றோர்’ என்று சுட்டுகிறது. சங்க இலக்கியத்தில் வீரரையும் பண்பால் நிறைந்தவரையும் குறித்த சொல் இது. இச்சொல்லின் சமூக வரலாறு பற்றிப் பல வாதங்கள் உண்டு. அவற்றுள் நுழையாமலே ஒன்றைக் கூறலாம். இந்நூல் ஏறுதலை மறைத்துவிட்டு மதிப்பைத் தேடவில்லை. ஏறுதலையும் சான்றாண்மையையும் ஒரே தொடரில் வைத்தது. திறனும் மதிப்பும் பிரியாத ஒரு பெயரிடல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, அதுவும் வரிக்கொடுமையைச் சொல்லும் இடத்தில், நிகழ்ந்திருப்பது தொழில்மனநிலையை ஆராய்வோர் விட்டுவிடக் கூடாத சான்று.

‘புத்தம் வீடு’: ஒரே சமூகத்துக்குள் ஓர் ஏணி

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) பெரும்பாலும் காதல் கதையாகவும் வட்டாரப் புதினமாகவும் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. தொழில் பற்றிய புதினமாக அதை வாசிக்க இடமுண்டு. நொடித்துவரும் பழம்பெருமைக் குடும்பம் புத்தம் வீடு. அதன் பேத்தி லிஸி. பனையேறி அன்பையனின் மகன் தங்கராஜ். இருவரும் ஒரே சமயத்தவர், ஒரே சமூகத்தவர். புறத்தே நின்று பார்ப்பவருக்கு இவர்களிடையே வேறுபாடு எதுவும் தெரியாது. ஆனால் புத்தம் வீட்டின் திண்ணையிலிருந்து பார்க்கும்போது கடக்க முடியாத தொலைவு இருக்கிறது. அத்தொலைவின் பெயர் ‘பனையேறி’.

சாதி இழிவைப் பேசும் புதினங்கள் தமிழில் பல. ஒரே சாதிக்குள் தொழில் ஒன்றே இழிவுக்கு அளவுகோலாவதை இவ்வளவு அமைதியாகக் காட்டிய புதினங்கள் சில. புத்தம் வீட்டாருக்குச் சொந்தமாகப் பனைகள் உண்டு. அவற்றில் ஏறுபவர் வேறு. உடைமை பெருமையாகவும், அதே மரத்தின் மேலான உழைப்பு சிறுமையாகவும் கருதப்படுகின்றன. மரம் இழிவுடையதாயின் அதன் உடைமையும் இழிவாக வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மரத்தைத் தொட்ட உடல் மட்டுமே இழிவைச் சுமக்கிறது. செல்வம் கரைந்து உடைமை பெயரளவில் எஞ்சிய நிலையிலும் புத்தம் வீட்டார் இவ்வேறுபாட்டை விடாமல் பற்றிக்கொண்டிருப்பது ஆசிரியரின் கூர்மையான கவனிப்பு. வேறெதுவும் மிஞ்சாதபோது ‘நாம் ஏறுபவர் அல்லர்’ என்பதே குடும்பத்தின் கடைசிச் சொத்தாகிறது.

கதையின் முடிவில் லிஸிக்கும் தங்கராஜுக்கும் திருமணம் நிகழ்கிறது. இதை மங்கல முடிவாகக் கொண்டு நிறைவடைவோர் உண்டு. திருமணம் ஒரு மனிதரை ஏற்றுக்கொள்கிறது. அவருடைய தொழிலின் பெயரை ஏற்றுக்கொள்கிறதா என்னும் வினாவுக்குப் புதினம் விடை தரவில்லை. 1964இல் அவ்வினாவுக்குச் சமூகமும் விடை தந்திருக்க முடியாது. ஆகவே இதைப் புதினத்தின் குறையாகக் கருத வேண்டியதில்லை.

சங்க மரபில் பனையும் நாணமும் சேர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு. காதல் கைகூடாத தலைவன் பனைமடல் குதிரையில் ஏறி, தன் நாணத்தை ஊரறியத் துறப்பது மடலேறுதல். அங்கு ஏறுபவன் துறப்பது தன்னுடைய நாணத்தை. இங்கு ஏறுபவன் சுமப்பது பிறர் சுமத்திய நாணத்தை. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டினால் அது வலிந்த பொருளாகிவிடும்.

பெயரில்லாத பாதி

பனையேற்று ஒருவர் தொழில் அன்று. ஒரு குடும்பத்தின் தொழில். ஆண் இறக்கிய அக்கானியைப் பெண் காய்ச்சுகிறாள். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். சருகும் சுள்ளியும் பொறுக்குவது பெண்களும் சிறுவரும். அக்கானி கொதித்து, நுரைத்து, குறுகி, கூப்பனியாகிப் பின் கருப்பட்டிப் பதத்துக்கு வரும்வரை அடுப்பின் முன்னிருந்து அகல முடியாது. பதம் முந்தினால் பாகு உறையாது, பிந்தினால் கருகிவிடும். சரியான கணத்தில் இறக்கிச் சிரட்டைகளில் வார்க்க வேண்டும். மரத்தில் ஏறுபவர் உயிரைப் பணயம் வைக்கிறார் என்றால், அடுப்பின் முன் இருப்பவள் அந்நாளின் முழு வருவாயையும் தன் கண்கணிப்பில் பணயம் வைக்கிறாள்.

இப்பெண்ணுக்குத் தொழில்சார் பெயர் இல்லை. ‘பனையேறி’ ஆணை மட்டுமே குறிக்கிறது. காய்ச்சுதலிலிருந்து ஒரு பெயர் பிறந்து நிலைபெற்றதாகத் தெரியவில்லை. ‘பனையேறியின் மனைவி’ என்பதோடு வழக்கு நின்றுவிடுகிறது. இழிபெயராவது ஆணுக்குக் கிடைத்தது. பெண்ணுக்கு அதுவும் கிட்டவில்லை. தொழில்மீதான பெண்களின் மனநிலையை ஆராய்வதில் உள்ள முதல் தடை இதுவே. பெயரில்லாத உழைப்பு கணக்கெடுப்பில் வருவதில்லை. நேர்காணல் வினாநிரலிலும் பெரும்பாலும் வருவதில்லை.

இதற்கு மாறான நிலையை மலர்வதியின் ‘தூப்புக்காரி’ காட்டுகிறது. இம்மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வாசிரியருக்கு 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி யுவ புரஸ்கார் விருதை ஈட்டித் தந்த புதினம் இது. ‘தூப்பு’ பெருக்கித் துப்புரவு செய்தலைக் குறிக்கும் இப்பகுதி வழக்கு, மலையாளத்தோடு உறவுடையது. மருத்துவமனையில் கழிவு அள்ளும் கனகத்துக்கும் அவள் மகள் பூவரசிக்கும் இப்பெயர் முகத்தில் எறியப்படும் சொல். இங்குப் பெண்ணுக்குப் பெயர் உண்டு. ஆனால் அப்பெயர் ஏறிக்கொண்டால் இறங்குவதில்லை. ‘காரி’ ஈறு தன்னளவில் இழிவுடையதன்று. வீட்டுக்காரி என்பதில் உரிமையைக் காட்டுவதும் அதே ஈறுதான்.

இரு புதினங்களுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி. பெயரிடலில் நிகழ்ந்த மாற்றம் தலைப்புகளிலேயே தெரிகிறது. முதல் புதினம் ஏறுபவரை விட்டு, உடையவரின் வீட்டால் பெயர் பெற்றது. இரண்டாம் புதினம் வசைச்சொல்லையே அட்டையில் ஏற்றியது. துப்புரவுப் பணியாளர் என்னும் நாகரிகச் சொல் ஆசிரியருக்குத் தெரியாததன்று. அச்சொல்லைத் தலைப்பாக்கியிருந்தால் பூவரசியின் மனநிலை அதில் அடங்கியிருக்காது.

பால்வெட்டு: ஓர் ஒப்பீடு

இழிவு தொழிலின் இயல்பிலிருந்தே வருகிறது என்று வாதிடுவோருக்கு இம்மாவட்டமே ஒரு மறுப்பை வைத்திருக்கிறது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மலையடிவாரங்களில் இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் பரவியது. 1984இல் நிறுவப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் கீரிப்பாறை முதலிய தோட்டங்களிலும், எண்ணற்ற சிறு தோட்டங்களிலும் நாள்தோறும் நிகழ்வது பால்வெட்டு. விடியுமுன் எழுந்து, மரப்பட்டையைக் கூரிய கத்தியால் அளவாகச் சீவி, வடியும் பாலைச் சிறு கலத்தில் ஏந்திச் சேகரிப்பது அத்தொழில். ஆழமாக வெட்டினால் மரம் கெடும். மேலாக வெட்டினால் பால் வடியாது. செயலளவில் பாளை சீவுதலுக்கு இதைவிட நெருங்கிய உறவுடைய தொழில் வேறில்லை. உயரம் மட்டுமே வேறு.

பால்வெட்டுக்குக் குறைந்த கூலி உண்டு, மழைக்கால வேலையின்மை உண்டு, தொழிற்சங்கப் போராட்டங்கள் உண்டு. ஆனால் ‘பால்வெட்டுபவர்’ என்பது ஒரு குலத்தின் பெயராகவில்லை. ஒருவர் பால் வெட்டினார் என்பதற்காக அவர் மகனுக்குப் பெண் கொடுக்க மறுக்கும் வழக்கும் உருவாகவில்லை. ரப்பர் புதிதாக வந்த பயிர். கூலி முறையோடு வந்த பயிர். எச்சாதியினரும் அதில் நுழைந்தனர். மரத்தைச் சீவிச் சாறெடுப்பது ஓரிடத்தில் வேலையாகவும் மற்றோரிடத்தில் பிறப்பாகவும் கருதப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தொழில்மீதான வெறுப்பு எனப் பதிவாகும் உணர்வில் பெரும்பகுதி, தொழில் பரம்பரையாகத் திணிக்கப்பட்டதன் மீதான வெறுப்பே.

வருவாய்க் காரணத்தை இங்கு ஒதுக்கிவிட முடியாது. பனையின் பருவம் ஆண்டில் ஒரு பகுதியே. எஞ்சிய மாதங்களுக்குக் கடன் அல்லது வேறு வேலை. 1920களில் மார்த்தாண்டத்தில் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் ஊரக மறுசீரமைப்பு மையத்தை நடத்திய டி. ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைத் துணைத்தொழிலாக ஊக்குவித்ததன் பின்னணி இந்தப் பற்றாக்குறையே. இன்றும் மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர்பெற்றிருக்கிறது. வருவாய் மட்டுமே காரணம் என்றால், கருப்பட்டி விலை உயரும்போது இளைஞர் பனைக்குத் திரும்பியிருக்க வேண்டும். கருப்பட்டி இன்று மலிவான பொருளன்று. ஏறுவோர் எண்ணிக்கை விலையைத் தொடர்ந்து உயரவில்லை என்பது இம்மாவட்டத்தில் வாழும் எவரும் அறிந்தது.

பெயர்மாற்றமும் அதன் விலையும்

அரசு வழக்கில் இன்று வழங்குவது ‘பனைமரத் தொழிலாளர்’ என்பது. நல வாரியத்தின் பெயரிலும் அதுவே உள்ளது. இதில் மதிப்பு உண்டு. உரிமைகளைப் பெறும் சட்டத் தகுதியும் உண்டு. ஆனால் ‘ஏறு’ என்னும் வினை இல்லை. பாய் முடைபவரும் கருப்பட்டி காய்ச்சுபவரும் ஓலை வெட்டுபவரும் ஏறுபவரும் ஒரே பெயருக்குள் அடங்குகின்றனர். காய்ச்சும் பெண்ணுக்கு இது நன்மை. முதன்முறையாக அவளையும் உள்ளடக்கும் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. ஏறுபவருக்கோ, அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திய திறன் பெயரிலிருந்து நீங்கிவிட்டது.

தென்னையில் இம்மாற்றம் இன்னும் தெளிவாக நிகழ்ந்தது. மரமேறுவோர் கிடைக்காத நிலையில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ஏறும் கருவியில் பயிற்சி அளிக்கத் தொடங்கியபோது, பயிற்சி பெற்றோருக்கு இட்ட பெயர் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’. இதைப் படித்து நகைப்போர் இருக்கலாம். ஆனால் பழைய பெயரில் எவரையும் பயிற்சிக்கு அழைக்க முடியாது என்பதை அவ்வாரியம் உணர்ந்திருந்தது என்பதே இதன் பொருள். ஏறும் திறனைக் கற்பிக்கும் திட்டம், ஏறுதல் என்னும் சொல்லைத் தவிர்த்துப் பெயர் சூட்டிக்கொண்டது.

2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனை விதைகளை வழங்குவதையும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்பதையும் அறிவித்தது. மாநில மரத்துக்கு இப்பாதுகாப்பு வேண்டியதே. எனினும் விதைத்த பனை பயன்தரப் பல ஆண்டுகள் ஆகும். அப்போது ஏறுபவர் யார் என்பதற்கு விதைப்பு மட்டும் விடையாகாது. மும்பையிலிருந்து நாகர்கோவில் வரை இருசக்கர வண்டியில் பனைகளைத் தேடிவந்த பயணத்தைக் காட்சன் சாமுவேல் ‘பனைமரச் சாலை’யாக எழுதினார். பனைமீது ஆர்வம் கொண்ட இளைஞர் சிலர் ‘பனையேறி’ என்னும் பெயரை விரும்பி ஏற்பதையும் அண்மைக் காலத்தில் காண்கிறோம். அப்பெயரைத் தாமே தேர்ந்துகொள்பவருக்கும், அது சூட்டப்பட்டு வளர்ந்தவருக்கும் ஒலி ஒன்றே, பொருள் ஒன்றாகாது. முன்னவரின் பெருமிதத்தைக் கொண்டு பின்னவரின் மனநிலையை அளப்பது ஆய்வு நெறியாகாது.

சொற்பதிவில் செய்ய வேண்டியன

வட்டார வழக்கு அகராதிகள் தொழிற்சொற்களுக்குப் பொருள் தருகின்றன. சொல்லும் சூழலைத் தருவதில்லை. ‘பனையேறி’ என்பதற்குப் பனை ஏறுபவர் என்று பொருள் எழுதிவிட்டால் பதிவு முடிந்ததாகக் கருதப்படுகிறது. அச்சொல்லை யார், யாரைப் பார்த்து, எப்போது சொன்னார் என்பதும் பொருளின் பகுதியே. தன்னைக் குறித்துச் சொல்லும்போதும், உடன் ஏறுபவரைக் குறித்துச் சொல்லும்போதும், உடைமையாளர் வாயில் வரும்போதும், திருமணப் பேச்சில் வரும்போதும் இச்சொல் நான்கு வேறு சொற்களாகிறது. கள ஆய்வில் தொழில்சார் பெயர்களைத் திரட்டுவோர் இந்நான்கு சூழல்களையும் தனித்தனியே குறித்துக்கொள்வது கடினமன்று. பேசியவரின் தொழில், பாலினம், வயது, உடைமை நிலை ஆகியவை குறிப்பில் இருந்தால் போதும்.

இதைவிட அவசரமானது அடுப்படிச் சொற்களின் பதிவு. ஏறுதல் பற்றிய கருவிச் சொற்கள் ஓரளவு திரட்டப்பட்டுள்ளன. அக்கானி கருப்பட்டியாகும்வரை அதன் நிறம், நுரை, மணம், இழுபதம் ஆகியவற்றை அடுப்பின் முன் இருப்பவர் நிலைக்கு நிலை வேறுபடுத்திச் சொல்வர். அச்சொற்களை அறிந்தோர் பெரும்பாலும் முதிய பெண்கள். அவர்களிடம் வினவச் செல்வோர் தொழிலின் பெயரைச் சொல்லித் தொடங்காமல், காய்ச்சும் பருவத்தில் சென்று பதத்தைப் பற்றிக் கேட்டுத் தொடங்குவது நலம்.